தறியை எண்ணி வாங்கிய வரி

ஜூலை வந்தால் எங்கள் அலுவலகத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. கல்யாண போட்டோ எடுப்பவர், பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவர், வீட்டு மாடியில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதும் பையன். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "சார், நான் சம்பளமே வாங்கலயே, எனக்கு எதுக்கு வரி?"

நான் சேலத்தில் வருமான வரிக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அம்மாப்பேட்டைத் தறிக்காரக் குடும்பம். சொந்தக் கையை நம்பிப் பிழைத்தவனை இந்த மண்ணில் எந்த அரசும் சும்மா விட்டதில்லை என்பது எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். சோழர் கல்வெட்டுகளில் தறி இறை உண்டு, செக்கிறை உண்டு, பொற்கொல்லர் கட்டிய தட்டாரப் பாட்டம் உண்டு. நிலத்தைக் கோல் வைத்து அளந்துவிடலாம். தட்டான் இந்த வருஷம் எத்தனை தாலி செய்தான் என்பதை எந்த அதிகாரி அளப்பது? ஆகவே உழைப்பை விட்டுவிட்டுக் கருவியை எண்ணினார்கள். தறி கண்ணுக்குத் தெரியும், ஒளித்து வைக்க முடியாது.

இது எல்லை மீறியபோது மக்கள் எழுந்ததும் உண்டு. விஜயநகர ஆட்சியில், 1429-இல், காவிரிப் பகுதியில் வலங்கை, இடங்கை என்ற இரு சாதிப் பிரிவினரும் பகையை ஒதுக்கிவைத்துச் சேர்ந்தார்கள். இன்ன வரி தருவோம், இன்னது தர மாட்டோம் என்று தாங்களே முடிவு செய்து கொருக்கை, ஆடுதுறை போன்ற ஊர்களில் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். இன்றைக்கு எந்தச் சங்கமாவது இப்படிச் செய்யுமா தெரியவில்லை.

எங்கள் பக்கத்துக் கதை 1792-இல் தொடங்குகிறது. திப்புவோடு போட்ட உடன்படிக்கையில் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. கலெக்டராக அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோ. மன்றோ என்றால் நிலவரி, ரயத்துவாரி என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். நிலமே இல்லாதவனிடம் கம்பெனி வாங்கிய மோதுர்பா வரியைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. பழைய ஆட்சிகளிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்த வரியைச் சென்னை மாகாணத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் கம்பெனி விடாமல் பிடித்துக்கொண்டது. நெசவாளிக்குத் தறிக்கு இவ்வளவு. தச்சன், கொல்லன், கடைக்காரன், தெருவோரம் கூடை வைத்து விற்பவள், ஒருவரும் தப்பவில்லை. வீதமும் ஊருக்கு ஊர் வேறு. சில மாவட்டங்களில் வணிகர்களுக்கு வீசபடி என்று ஒன்று: ஊர் வியாபாரிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு மொத்தத் தொகை, அதை அவர்களுக்குள்ளேயே பங்கு பிரித்துக் கட்ட வேண்டும். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் பங்கு பிரிக்கும் இடத்தில் பெரிய கடைக்காரர் உட்கார்ந்திருப்பார், சின்னக் கடைக்காரர் நின்றுகொண்டிருப்பார் என்பது என் ஊகம்.

1852-இல் சென்னையில் வணிகர் கஜுல லட்சுமிநரசு செட்டி சென்னை சுதேசி சங்கத்தைத் தொடங்கி, இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார். தொழிலாளி வைத்திருக்கும் கருவியின் விலையைவிட அதற்குக் கட்டும் மோதுர்பா பல சமயம் ஆறு மடங்கு என்று அதில் புகார் சொல்லியிருந்தது. வரி என்ற பெயரில் இதைவிட மோசமான ஒன்றை என் தொழிலில் நான் கண்டதில்லை. நூல் கிடைக்காமல் தறி சும்மா கிடந்தாலும் அது தறிதானே, எண்ணிக்கையில் வந்துவிடும்.

கட்டாதவன் கதி என்ன? டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1853-இல் இங்கே வந்தார். லட்சுமிநரசு அவரை ஊர் ஊராக அழைத்துப் போய் மக்களைப் பேச வைத்தார். அதன் பிறகு அமைத்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை 1855-இல் வெளிவந்தது. அரசுக்கு வர வேண்டிய பணத்தை வசூலிக்க, விரல்களைக் கட்டைக்கிடையே நசுக்கும் கிட்டியும், ஆளை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாளும் கையாளப்பட்டது அதில் பதிவாகியிருக்கிறது. நோட்டீஸ் வந்ததற்கே ராத்திரி தூக்கம் வரவில்லை என்று புலம்பும் என் கட்சிக்காரர்களிடம் இதைச் சொல்வதுண்டு. அவர்களுக்கு அதில் ஆறுதல் கிடைப்பதாகத் தெரியவில்லை.

1857 கலகத்தில் கஜானா காலியானது. 'எகனாமிஸ்ட்' பத்திரிகையை நிறுவிய ஜேம்ஸ் வில்சன் கல்கத்தாவுக்கு வந்து 1860 பிப்ரவரியில் வருமான வரியை அறிவித்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் வந்தால் வரி. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் ஒப்பவில்லை. செலவைக் குறையுங்கள், புது வரி வேண்டாம் என்று எழுதியதோடு நிற்காமல், அந்த அரசாங்கக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார். லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வில்சன் வயிற்றுக்கடுப்பில் கல்கத்தாவில் இறந்தார். வரியும் ஒழுங்காக வசூலாகவில்லை. 1862-இல் வரம்பை 500 ரூபாயாக உயர்த்தினார்கள், 1865-இல் சட்டமே காலாவதியானது. ஆனால் அந்தச் சட்டத்தை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். தறி எத்தனை என்று எண்ணாமல், உனக்கு என்ன வந்தது என்று ஆளையே கேட்டது அது. மோதுர்பாவும் அந்த ஆண்டுகளோடு ஒழிந்தது.

பிறகு வந்த லைசென்ஸ் வரிகளைத் தாண்டிவிடலாம். 1886 சட்டம்தான் நிலைத்தது. வேளாண் வருமானத்துக்கு அதில் விலக்கு. மிராசுதார் தப்பினார், அவர் வழக்கை நடத்திய வக்கீல் மாட்டினார்.

கேட்டால் உண்மை வரும் என்ற நம்பிக்கை தேய்ந்து, அரசு மறுபடி ஊகத்துக்குத் திரும்பியது. 1992-இல் சின்னக் கடைக்காரர்களுக்கு வருஷத்துக்கு 1,400 ரூபாய் கட்டினால் போதும் என்று ஒரு திட்டம் வந்தது. 2016 பட்ஜெட்டில் வந்த 44ஏடிஏ பிரிவு, டாக்டர், வக்கீல், இன்ஜினியர் போன்றவர்களின் வரவில் பாதி லாபம் என்று வைத்துக்கொள்கிறது. பேரேடு எழுத வேண்டாம், பெட்ரோல் ரசீது சேர்க்க வேண்டாம். இதுவும் ஊகம்தான். ஆனால் வரவு இல்லாத வருஷம் வரியும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை நான் ஆதரிக்கிறேன்.

மாநகராட்சியும் நகராட்சியும் அரையாண்டுக்கொருமுறை வாங்கும் தொழில் வரி தனி. சொந்தத் தொழில் செய்பவரும் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் கூடாது என்று அரசியல் சட்டம் போட்ட வரம்பு 1988-இல் 2,500 ஆனது. இன்னும் அதுதான்.

44ஏடிஏ-வில் கணக்குக் காட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிடித்தம் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி வரும் என்றால் முன்கூட்டிய வரி முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்டிவிடுங்கள். ஜூலையில் வந்து வட்டி ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.