காப்பிக் காட்டைக் காக்கும் ஒரு வரி

வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வேண்டுமென்றால், தன் பணத்தில் ஓர் இந்தியக் கம்பெனியைத் தொடங்கி, நூறு சதவீதப் பங்கையும் தானே வைத்துக்கொண்டு வாங்கலாம். பொதுவாக டெல்லியின் முன் அனுமதிகூடத் தேவையில்லை. நிபந்தனை ஒன்றுதான்: பின்னாளில் அந்த நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதானால் மாநில அரசின் அனுமதியை முதலில் பெற வேண்டும். அந்நிய நேரடி முதலீட்டுக் கொள்கையில் இது ஒரே ஒரு வரி. ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் எதிர்காலம் பெரிதும் அந்த வரியில்தான் தொங்குகிறது என்று நான் நம்புகிறேன். அது பிறந்த கதையைச் சொல்ல இருநூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்தவர் எம். டி. காக்பர்ன். இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் அவர். கிரேஞ்ச் எஸ்டேட் அந்தத் தொடக்கத்தின் அடையாளமாக இன்றும் நிற்கிறது. அன்று கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஐரோப்பியர் நினைத்தபடி நிலம் வாங்கிக் குடியேற முடியாது. 1833இன் சாசனச் சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. அதன் பிறகு அதிகாரிகளுக்குப் பின்னால் தோட்ட முதலாளிகளும் இந்தியாவின் மலைகளில் ஏறினார்கள்.

1861 அக்டோபரில் வைஸ்ராய் கானிங் ஒரு தீர்மானம் போட்டார். தரிசு நிலத்தை முழு உரிமையோடு விற்கலாம். காடு வெட்டாத நிலம் ஏக்கர் இரண்டரை ரூபாய், வெட்டித் திருத்தியது ஐந்து ரூபாய். ஒருவருக்கு மூவாயிரம் ஏக்கர் வரை. இந்த மலிவு லண்டனில் இருந்த இந்தியா மந்திரி சர் சார்லஸ் வுட்டுக்கே பொறுக்கவில்லை. நிலத்தை அளந்து ஏலத்தில் விடுங்கள் என்று அவர் திருத்தினார். ஆனால் இருவருமே ஒன்றைக் கேட்கவில்லை: அது உண்மையில் தரிசுதானா? இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் காட்டை வெட்டிச் சாமை, கேழ்வரகு விதைத்து, சில ஆண்டு ஆறப்போட்டு, மண் தேறியதும் அதே சரிவுக்குத் திரும்பி வந்தவர்கள். ஆறிக்கொண்டிருக்கும் புனக்காடு வெளியாள் கண்ணுக்கு வெறுங்காடாகத்தான் தெரியும். அந்நிய மூலதனம் நம் மலைகளில் கால் வைத்தது இந்தப் பார்வையின் மேல்தான். விலை நிர்ணயித்தவர், விற்றவர், வாங்கியவர் எல்லாருக்கும் ஏட்டில் பெயர் உண்டு, உழுதவருக்கு இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு கதவு மெல்ல மூடியது. தமிழ்நாட்டின் 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு முப்பது தர ஏக்கர் என்று வரம்பு போட்டது. 1970இல் அது பதினைந்தாகக் குறைந்தது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம், சின்கோனாத் தோட்டங்களுக்கு மட்டும் விலக்கு. தோட்டத்தைத் துண்டு போட்டால் விளைச்சலும் போகும், அதை நம்பிய கூலியாட்களின் பிழைப்பும் போகும் என்பதே அதற்கான நியாயம். 1973இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டவர் இங்கே அசையாச் சொத்து வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே இந்த மலையின் பாக்சைட்டை உருக்க மேட்டூரில் வந்த மால்கோ அலுமினிய ஆலையில் இத்தாலியின் மான்டிகாடினி நிறுவனம் பங்காளி. ஆக, மேல் மண்ணுக்குக் கதவு மூடிக்கொண்டிருந்தபோதே அடி மண்ணைத் தேடி அந்நிய மூலதனம் வந்திருந்தது.

கதவு மறுபடி திறந்தது முதலில் மனைத் தொழிலுக்கு. 2001இல் குறைந்தது 100 ஏக்கர் உள்ள நகரியங்களுக்கு நூறு சதவீத அந்நிய முதலீட்டை இந்தியா அனுமதித்தது. 2005 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட இரண்டாம் எண் பத்திரிகைக் குறிப்பு அதைப் பரவலாகத் திறந்தது: மனைத் திட்டத்துக்குப் பத்து ஹெக்டேர் போதும், கட்டடம் என்றால் 50,000 சதுர மீட்டர், போட்ட பணத்தை மூன்று ஆண்டுக்கு எடுத்துப் போக முடியாது. அதில் எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை, சாலை, குடிநீர், தெருவிளக்கு, வடிகால் இல்லாத வெறும் மனையை விற்கக் கூடாது என்பது. நிலத்தை வாங்கி வைத்து விலை ஏறியதும் விற்கும் தொழிலுக்கு அந்நியப் பணம் அன்றும் கூடாது, இன்றும் கூடாது. பண்ணை வீடு கட்டுவதற்கும் கூடாது. பரப்பளவு, குறைந்தபட்ச முதலீடு ஆகிய வரம்புகள் 2014இல் தளர்ந்து 2015இல் நீங்கின. இந்தத் தடைகள் இன்னும் நிற்கின்றன.

நம் வரி இன்னொரு கிளையில் முளைத்தது. 2002இல் தேயிலைத் தோட்டத்துக்கு அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது, நிலப் பயன்பாட்டை மாற்ற மாநில அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதினார்கள். 2015 நவம்பரில் காப்பி, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களைத் திறந்தபோது அதே வரி அவற்றுக்கும் வந்தது. ஏற்காடு மறுபடி அந்நிய மூலதனத்துக்குத் திறந்தது. இம்முறை ஒரு தாழ்ப்பாளோடு.

அந்தத் தாழ்ப்பாள் ஏன் வேண்டும்? சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் தெரியும். மேலே சில்வர் ஓக். அதன் தண்டைப் பற்றி மிளகுக் கொடி. நிழலில் இடுப்பளவு கவாத்து செய்த அராபிகாச் செடி. அடியில் கால் புதையும் சருகு. மார்ச், ஏப்ரலில் பூ மழை இறங்கினால்தான் பூ விரியும். அந்தப் பூ பழமாகிச் சிவந்து பறிப்புக்கு வரக் கார்த்திகை ஆகிவிடும். புதுச் செடி காய்க்க மூன்று, நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். இதே சரிவில் வில்லா மனை போட நிழல் மரத்தை வெட்டி, ஜேசிபி வைத்துச் சரிவைப் படிக்கட்டாக அறுத்தால், அடுத்த ஐப்பசி மழையில் செம்மண் ஓடைக்குள் இறங்கும். சருகு குடித்து வைக்கும் நீரைத் தார்ச்சாலை குடிக்காது.

இந்த விதிகளில் என்னை உறுத்தும் ஒன்று உண்டு. ஏற்காட்டில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர், இந்தியக் குடியுரிமையோடு இருந்தாலும், வெளிநாடுவாழ் இந்தியர் என்ற முறையில் சென்னையில் ஃபிளாட் வாங்கலாம். சொந்த ஊரில் ஒரு காப்பித் தோட்டத்தை வாங்க முடியாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றும் அவருக்கு மறுப்பு. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அதே சிங்கப்பூரில் பதிவான கம்பெனிக்கோ, இந்தியாவில் ஒரு துணைக் கம்பெனி இருந்தால் போதும். மண்ணோடு உறவுள்ளவருக்கு இல்லாத வழி முகமற்ற பங்குக்கு இருப்பது சரியல்ல.

தாழ்ப்பாளாக நிற்கும் அந்த வரியிலும் ஒரு குறை இருக்கிறது. அனுமதி தர வேண்டியது மாநில அரசு என்று மட்டுமே அது சொல்கிறது. கிராம சபையைக் கேள் என்று சொல்லவில்லை. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் தனியே தேவைப்படும், உண்மைதான். அதுவும் அதிகாரிகள் பார்க்கும் கோப்பே. நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்டு ஒரு மனு வந்தால், சர்வே எண், பரப்பு, வெட்டப்போகும் மரங்களின் கணக்கு, ஓடை போகும் வழி நான்கையும் தமிழில் எழுதி அந்தந்த மலையாளிக் கிராமத்தின் சபையில் வாசித்துத் தீர்மானம் பெற்ற பிறகே கோப்பு கோட்டைக்குப் போக வேண்டும். இதற்கு டெல்லியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசே ஓர் அரசாணையில் செய்யலாம்.