அம்மாவின் பாபினும் ஐம்பது நம்பர் நூலும்

ஊரிகம் என்று சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை. கோலார் தங்கவயல் என்றதும் "ஓ, அந்த சினிமாவா!" என்கிறார்கள். 2018-லிருந்து இதே தொல்லை. நான் வளர்ந்த லைன் வீட்டில் தங்கத்தைக் கண்டவர் யாருமில்லை, நூல்தான் எங்கும் கிடக்கும். அப்பா சுரங்கத்தில், அம்மா கால்மிதி தையல் மெஷினில்.

போன குளிர்காலத்தில் டொராண்டோ வீட்டில் ஒரு பெட்டியைக் கிளறியபோது, அம்மா பாதியில் விட்டுப்போன பழம்புடவைப் போர்வை கிடைத்தது. மூன்று அடுக்குப் புடவை, மேலே மெஷினிலேயே ஓட்டிய கொடியும் பூவும். கூடவே ஒரு டப்பாவில் நாலு இரும்பு பாபின். ஒன்றில் நீல நூல் மிச்சம் இருந்தது. மீதியை முடித்துவிடலாம் என்று வீட்டம்மா உட்கார்ந்தார். சாண் அளவுக்கு ஒருமுறை நூல் அறுந்தது. "நூல் சரியில்லை" என்றார் அவர். "மெஷின் சரியில்லை" என்றேன் நான். வழக்கம்போல அவர் சொன்னதே சரி :-)

ஃபுட்டைக் கழற்றி, துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் துணியை ஓட்டிப் பூப்போடுவது அம்மாவின் முறை. இங்கே அதற்கு 'ஃப்ரீ மோஷன் குவில்டிங்' என்று பெயர் வைத்துக் காசு வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்துகிறார்கள். நம்மூர் தையல் வகுப்புகளில் சட்டம் மாட்டித் தலையணை உறையில் பூப்போடுவார்களே, கிட்டத்தட்ட அதே வித்தை. துணி எல்லாப் பக்கமும் ஓடுவதால் நூல் பக்கவாட்டிலும் இழுபடும். தவிர, மேல்நூலின் ஒவ்வொரு துண்டும் துணியில் படியுமுன் ஊசிக்கண்ணில் பல தடவை போய் வருகிறது. மட்டமான நூல் அங்கேயே பிசிறிவிடும்.

இது தையல் மெஷின் பிறந்த காலத்துச் சிக்கல். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் கிளார்க் குடும்பம் பருத்தித் தையல்நூலுக்கு வந்ததே நெப்போலியன் புண்ணியத்தில்தான். அவன் போட்ட வணிகத் தடையில் பட்டு வரத்து குறைந்துபோனது. கைத்தையலுக்கு அந்தப் பருத்தி நூல் போதும். 1850களில் சிங்கர் மெஷின் வந்ததும் அது திணறியது. ஆறு இழை முறுக்கிய வழவழப்பான நூல் வந்த பிறகே மெஷின் ஒழுங்காக ஓடியது. 1896-ல் கிளார்க், அதே ஊர் கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்தது.

நம் பக்கத்தில் ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையில் மில் ஓட்டினார்கள். பிறகு தூத்துக்குடி, மதுரை. ஜான் டெய்லர் கம்பெனி எங்கள் ஊரில் கால் வைத்ததும் அதே காலம்தான், 1880. வட ஆற்காட்டு ஜனங்கள் அந்தச் சுரங்கங்களுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. 1974-ல் ஹார்வி மில்லும் கோட்ஸும் இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. ரீலைத் திருப்பி அந்த லேபிளைப் பார்க்காமல் அம்மா காசு கொடுக்கமாட்டார்.

மெஷினைத் தவணையில் விற்கும் பழக்கத்தை 1850களிலேயே பரப்பியது சிங்கர் கம்பெனி. கடன் பிரிவில் குப்பை கொட்டும் எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை. எந்திரங்களைக் கண்டித்த காந்தியே 1924-ல் சிங்கர் மெஷினுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தார். 1930களில் கல்கத்தாவில் உஷா வந்தது. உஷாவின் கறுப்பு மெஷின் சிங்கரின் 15-ம் வகையை ஒட்டியதுதான், ஆகவே பாபினும் அதே உருண்டை: குறுக்களவு சுமார் 20 மில்லிமீட்டர், உயரம் 11, 12. நல்லவேளை, டொராண்டோவில் நாங்கள் வாங்கிய பழைய மெஷினும் முன்பக்கம் பாபின் கேஸ் மாட்டும் அதே வகை. அம்மாவின் பாபின் உள்ளே போய் 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. புது மெஷின்களில் மேலிருந்து போடும் பிளாஸ்டிக் பாபின் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் விளிம்பு லேசாக வளைந்திருக்கும். இரண்டையும் கலக்கக்கூடாது.

நூல் நம்பரில்தான் நான் ஏமாந்தேன். நம் மில்காரர் கணக்கில் 50 நம்பர் என்றால், 840 கஜச் சிட்டம் 50 சேர்ந்து ஒரு பவுண்டு எடை. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 84 கிலோமீட்டர் வரும். குவில்ட் நூலில் எழுதும் 50-க்கோ ஒரு கிலோவுக்கு 50 கிலோமீட்டர்தான். எண் ஒன்று, நாணயம் வேறு. மாற்று விகிதம் பார்க்காமல் பழைய நினைப்பில் வாங்கிவந்தவன் ஒரு வங்கி அதிகாரி!

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். நான் பி.காம். கடைசி வருஷம். பாதி ஊர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு ஓடியது. அம்மா ரயில் ஏறவில்லை. மெஷினைத் திண்ணையிலிருந்து உள்ளே நகர்த்தி, போர்வையும் உறையும் தைத்து என் தேர்வுக் கட்டணத்தைக் கட்டினார். காற்றுக் காலத்தில் சயனைடு மேட்டு மண் பறந்து வந்து பாபின் கேஸுக்குள் புகுந்துவிடும். ராத்திரி அதைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுவது என் வேலை. பிறகு அம்மா நூல் நுனியைப் பிடித்து கேஸைத் தொங்கவிட்டு ஒரு உதறு உதறுவார். இரண்டு விரல் அளவு இறங்கி நின்றால் சரி. சரசரவென்று இறங்கினால் திருகை இறுக்கு, அசையாவிட்டால் தளர்த்து. "மேல போட்டதையே கீழயும் போடு, பழைய நூல் மேல புது நூல் சுத்தாத" என்பார்.

நீல நூலை இரண்டு அங்குலம் உருவி இழுத்துப் பார்த்தேன். பொட்டென்று அறுந்தது. பருத்தி நூல் நாள்பட்டால் இற்றுவிடும். மேலும் கீழும் ஒரே 50 எடைப் பருத்தி நூலாக, மெதுவாகச் சுற்றி, தொங்கவிட்டு உதறிப் பார்த்து மாட்டினோம். அம்மா நிறுத்திய இலையிலிருந்து கொடி கிளம்பியிருக்கிறது, கொஞ்சம் கோணலாக. நீல நூல் பாபினை மட்டும் காலி செய்ய நான் விடவில்லை. மற்ற மூன்றில்தான் தையல் ஓடுகிறது.