வரவேற்பும் உழைப்புதான்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாலங்களை எழுதுவார்கள், துறைமுகத்தை எழுதுவார்கள், மேயர்களை எழுதுவார்கள். புதிதாக வந்திறங்கிய குடும்பத்தின் குழந்தையை "வா, உட்கார்" என்று அழைத்தவர் யார் என்பது அந்தப் பக்கங்களில் இருக்காது. அந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். அது அன்பு என்று பாராட்டப்பட்டது. உழைப்பு என்று கணக்கில் எழுதப்படவில்லை. நியூயார்க் நகரத்தில் அந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்த பூரா பெல்ப்ரே என்ற பெண்ணைப் பற்றியும், அவர் எழுதிய குழந்தைப் புத்தகங்களைப் பற்றியும் இங்கே பேச விரும்புகிறேன்.

2019இல் வெளிவந்த 'பிளான்டிங் ஸ்டோரீஸ்' என்ற படப்புத்தகம் வழியாகத்தான் அவரை நான் அறிந்தேன். அனிகா அல்டமுய் டெனிஸ் எழுதியது. படங்கள் பாவ்லா எஸ்கோபார். கதைகளை விதைகளாகக் கொண்டுவந்து புது மண்ணில் ஊன்றிய பெண்ணாக அது அவரைக் காட்டுகிறது. குழந்தைகளுக்கு அது போதும். நாம் இன்னும் சில கேள்விகள் கேட்கலாம். அந்த நிலத்தில் நுழைய அவருக்கு யார் அனுமதி தந்தார்கள்? யார் தடுத்தார்கள்?

போர்ட்டோ ரிக்கோ தீவை 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்டது. 1917இல் தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. எனவே நியூயார்க்குக்கு வந்தவர்கள் சட்டப்படி அயல்நாட்டார் அல்லர். ஆனாலும் அவர்கள் பேசிய ஸ்பானிய மொழியும் தோலின் நிறமும் அவர்களை அந்நியர்களாக்கின. சீட்ரா என்ற ஊரில் பிறந்த பூரா, தன் அக்கா எலிசாவின் திருமணத்துக்காக 1920களின் தொடக்கத்தில் அந்நகருக்கு வந்தார்.

ஹார்லெம் பகுதியில் 135ஆம் தெருவில் பொது நூலகத்தின் கிளை ஒன்று இருந்தது. அதன் தலைவர் எர்னஸ்டின் ரோஸ். சுற்றிலும் ஸ்பானிய மொழி பேசுவோர் குடியேறுவதைக் கண்டு, அந்த மொழி தெரிந்த ஒரு பெண் உதவியாளரைத் தேடினார். வேலை முதலில் எலிசாவுக்கே வந்தது. கணவர் அனுமதிக்கவில்லை. எலிசா தங்கையை அனுப்பிவைத்தார். 1921இல் பூரா அந்த வேலையில் சேர்ந்தார். அந்நகர நூலகத்தில் பணியமர்ந்த முதல் போர்ட்டோ ரிக்கப் பெண் அவர்தான். இந்த முதலிடத்துக்குப் பின்னால் வீட்டுக்குள் நிறுத்தப்பட்ட இன்னொரு பெண் இருக்கிறார் என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

அலமாரிகளில் உலகத்து நாட்டுப்புறக் கதைகள் இருந்தன. தன் தீவின் கதை ஒன்றுகூட அங்கே இல்லை என்பதைப் பூரா கவனித்தார். இதில் ஒரு சிக்கலும் இருந்தது. நூலகத்தின் கதை நேரத்தில் அச்சான புத்தகத்தில் உள்ள கதையைத்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. பூராவிடம் இருந்ததோ பாட்டி சொன்ன கதை. பாட்டியின் வாயிலிருந்து வருவது பொழுதுபோக்கு, அச்சிலிருந்து வருவது இலக்கியம் என்ற பழைய கணக்கு நமக்கும் புதிதல்ல. அந்த விதி எந்தப் பெண்ணையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. ஆனால் எழுதப்படாத அறிவைச் சுமந்து வந்தவர்கள் பெரும்பாலும் பெண்களாக இருந்ததால், விலக்கப்பட்டவர்களும் அவர்களே.

பூரா அந்தக் கதையைத் தானே எழுதினார். நூலகப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் காட்டினார். பிறகு குழந்தைகளுக்குச் சொல்லவும் அனுமதி பெற்றார். 1932இல் ஃபிரெடரிக் வார்ன் பதிப்பகம் அதை 'பெரெஸ் அண்ட் மார்ட்டினா' என்ற படப்புத்தகமாக வெளியிட்டது. படங்கள் கார்லோஸ் சான்செஸ். மார்ட்டினா ஓர் அழகிய கரப்பான்பூச்சி. மாப்பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். "என்னோடு எப்படிப் பேசுவாய்?" என்று ஒவ்வொருவரையும் கேட்கிறாள். பேசிக் காட்டிய குரல் பிடிக்காதவர்களைத் திருப்பி அனுப்புகிறாள். பெரெஸ் என்ற எலியைத் தேர்கிறாள். முடிவு சோகமானது: பண்டிகைக்கு அவள் சமைத்துவைத்த பானையில் விழுந்து பெரெஸ் இறந்துபோகிறான். சொத்தையும் குலத்தையும் விசாரிக்காமல், பேசும் விதத்தை விசாரிக்கும் மணப்பெண்ணை எந்தப் பாட்டி முதலில் உருவாக்கினாளோ!

1929இல் பூரா 115ஆம் தெருக் கிளைக்கு மாற்றப்பட்டார். அங்கே ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் கதை சொன்னார். ஆங்கிலம் தெரியாத தாய்மாரும் வந்து உட்கார்ந்தார்கள். ஜனவரி 6 அன்று மூன்று அரசர்கள் திருநாளை நூலகத்திலேயே கொண்டாடச் செய்தார். பொம்மலாட்டம் நடத்தினார், சமூக நிலையங்களுக்கும் தேடிப் போனார்.

இதே காலத்தில், கிழக்கு ஹார்லெமில் இன்னொன்றும் நடந்தது. 1930களின் நடுவில் நியூயார்க் மாநில வணிகச் சபை போர்ட்டோ ரிக்கக் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் தேர்வு நடத்தச் செய்து, அவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று அறிக்கை வெளியிட்டது. ஒரே நகரத்தில் வளர்ந்த குழந்தைகளை ஓர் அமைப்பு அளந்து தள்ளியது. ஒரு நூலகப் பணியாளர் கூப்பிட்டு உட்காரவைத்தார். மார்ட்டினாவின் கதையை இந்தப் பின்னணியில் வைத்துப் படித்தால், இவ்வளவு சிறிய புத்தகம் ஏன் இவ்வளவு தேவைப்பட்டது என்பது விளங்கும். தன் பாட்டியின் கதை நகரத்தின் அலமாரியில் அச்சாகி இருப்பதைக் கண்ட குழந்தைக்கு அந்த அறிக்கையை மறுக்க ஒரு சான்று கிடைத்தது.

1943இல் பூரா, ஆப்பிரிக்க அமெரிக்க இசைக் கலைஞர் கிளாரன்ஸ் கேமரன் வைட்டை மணந்தார். கணவரின் பயணங்களோடு சேர்ந்து செல்ல வேலையை விட்டார். எழுதுவதை விடவில்லை, 1946இல் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு வந்தது. கணவர் 1960இல் இறந்த பிறகு நூலகத்துக்குத் திரும்பினார். அதற்குள் நகரமே மாறியிருந்தது. 1940இல் சுமார் 61,000ஆக இருந்த போர்ட்டோ ரிக்க மக்கள்தொகை 1960இல் 6 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஓய்வுபெற்ற பின்னும் தெற்கு பிராங்ஸ் நூலகத் திட்டத்தில் பொம்மைகளோடு பணியாற்றினார்.

1969இல் வந்த அவருடைய 'சாந்தியாகோ' படப்புத்தகத்தின் நாயகன் நியூயார்க்கில் வாழும் சிறுவன். ஊரில் விட்டுவந்த தன் கோழியை அவனால் மறக்க முடியவில்லை. நண்பனோ அப்படியொரு கோழி இருந்ததையே நம்புவதில்லை. புதிய ஊருக்கு வந்தவனைப் பழையதை மறக்கச் சொல்வதற்கு வரவேற்பு என்று பெயரில்லை, அவன் சொல்வதை நம்புவதே வரவேற்பு என்று இந்தக் கதையை நான் படிக்கிறேன்.

பூரா 1982இல் காலமானார். லத்தீன் அமெரிக்க வாழ்வைச் சொல்லும் குழந்தை நூல்களுக்கு அவர் பெயரில் 1996 முதல் விருது வழங்கப்படுகிறது. விருதுக்குப் பெயரானவரை வரலாறு நினைவில் வைத்துக்கொள்ளும். கணவர் விடாததால் அந்த மேசைக்கு வராமலே போன எலிசாவை நினைவில் வைக்க வேண்டியது பெண்கள் வரலாற்றைப் படிக்கிற நம் பொறுப்பு.