குமாஸ்தாவின் நகலும் கிண்டியின் முப்புரிக் கயிறும்

முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஸ்டென்சில், கார்பன் தாள், ஃபேர் காப்பி, ஆபீஸ் காப்பி என்றே காலம் போயிற்று. ஒருநாள் மேலதிகாரி ஒருவர், "உமக்கென்னய்யா, பார்த்து எழுதுகிற வேலை. புதுசாக எதையாவது உண்டாக்குகிறீரா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாளிலும் பார்த்து எழுதினால் பூஜ்யம்தான். நகல் என்றால் மட்டம் என்பது மனசில் ஊறிவிட்டது.

எழுபது தாண்டியபின், உயிர்களில் புதிய மரபணுக்கள் எப்படி உண்டாயின என்று படித்தபோதுதான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்தக் கதையின் ஒரு பகுதி நம்ம ஊரிலேயே நடந்தது.

1952-ல் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராகக் கிண்டி வளாகத்துக்கு வந்தார். வயது முப்பதுதான். அப்போது சென்னை வந்த விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதையே பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் நமக்கு அந்நியமல்ல. தோல், எலும்பு, தசைநாண், மூட்டின் குருத்தெலும்பு எல்லாவற்றிலும் அதுதான். ஆட்டுக்கால் சூப்பைக் கெட்டியாக்குவதும் அதுவே. மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்கிக் கேட்கிறோமே மிருதங்கம், அதன் தோலும் பெரும்பாலும் கொலாஜன்.

1954-ல் ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் தங்கள் விடையை வெளியிட்டார்கள். மறுவருஷம் அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். மூன்று புரிகளை முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன். ஒவ்வொரு புரியிலும் மூன்றில் ஒன்று கிளைசின் என்ற அமினோ அமிலம். எல்லாவற்றிலும் சிறியது அதுதான் என்பதால், கயிற்றின் நடுவிலுள்ள குறுகலான இடத்தில் அதற்கு மட்டுமே இடமுண்டு. ஆகவே கிளைசின், ஏதோ ஒன்று, இன்னொன்று. மறுபடி கிளைசின் என்று ஆயிரம் எண்ணிக்கைக்கு ஒரே பல்லவி.

இவ்வளவு நீளமான பல்லவியை எழுதிவைத்த மரபணு எப்படி வந்தது? இதற்கு 1980-ல் துப்பு கிடைத்தது. அமெரிக்காவில் கோழியின் கொலாஜன் மரபணுவைப் பிரித்துப் படித்தார்கள். அது ஒரே நீளமாக இல்லை. சுமார் ஐம்பது துண்டுகளாக இருந்தது. பல துண்டுகளில் சரியாக 54 எழுத்துகள். மூன்றெழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பதால் 54 எழுத்துக்குப் பதினெட்டு. அதாவது பல்லவி ஆறு முறை. சில துண்டுகளில் 108 எழுத்துகள், சரியாக இரு மடங்கு. (108 நமக்குப் பழகிய எண்தான்!) ஆதியில் 54 எழுத்துள்ள சிறு துண்டு ஒன்று இருந்து, அது திரும்பத் திரும்ப நகலாகி இந்த நீண்ட மரபணு உருவாயிற்று என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் முடிவு செய்தார்கள்.

நகல் அதோடு நிற்கவில்லை. முழு மரபணுவும் நகலாகி, நகல்கள் மெல்ல வேறுபட்டன. இன்று மனித உடலில் 28 வகைக் கொலாஜன்கள் இருக்கின்றன. எலும்புக்கு ஒன்று, குருத்தெலும்புக்கு ஒன்று, சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு ஒன்று.

நகல் ஏன் இவ்வளவு முக்கியம்? இது குமாஸ்தாவுக்குச் சட்டென்று விளங்கும். ஒரே பிரதி இருக்கிற உத்தரவில் யாரும் கை வைக்க முடியாது. கொலாஜனில் ஒரு கிளைசின் மாறினாலே எலும்பு நொறுங்கும் நோய் வரலாம். ஆனால் அசல் ரெக்கார்டு ரூமில் பத்திரமாக இருக்க, கையில் இன்னொரு பிரதி இருந்தால் அதில் அடிக்கலாம், திருத்தலாம். கெட்டுப்போனால் குப்பைக்கூடை. அபூர்வமாக ஒன்று வேறு வேலைக்கு உதவும். நாங்களும் புது உத்தரவை அப்படித்தான் தயாரிப்போம்: பழைய கோப்பின் நகலை எடுத்து, பெயரை மாற்றி, ஷரத்தைத் திருத்தி.

பின்னாளில் இந்தியாவில் குடியேறிய ஹால்டேன் 1930-களிலேயே இதைக் கோடி காட்டினார். 1970-ல் சுசுமு ஓனோ ஒரு புத்தகமாகவே எழுதினார். சிக்னலில் சிவப்பையும் பச்சையையும் நாம் பிரித்தறிவதுகூட, நம் குரங்கு மூதாதையரின் ஒரு மரபணு மூன்று நான்கு கோடி வருஷங்களுக்கு முன் இரண்டானதால்தான்.

பிரான்சின் பிரான்சுவா ஜாகோப் 1977-ல் இதற்கு ஒரு சொல் தந்தார்: பிரிகோலாழ். எங்கள் பள்ளிக்காலச் சொல். வீட்டில் கிடக்கும் பழைய ஆணி, கம்பி, பலகையை வைத்தே காரியத்தை முடிப்பது. பரிணாமம் வரைபடம் போடும் இஞ்சினியர் அல்ல, இப்படி ஒட்டுப்போடும் ஆள் என்றார். ஆனால் ஒன்றுமில்லாததிலிருந்து புதுப் புரதம் வராது என்று அவர் நினைத்தது சரியாகவில்லை. 2006-ல், எந்தப் புரதத்துக்கும் உரியதல்லாத டி.என்.ஏ.விலிருந்தே பிறந்த மரபணுக்களைப் பழ ஈக்களில் கண்டார்கள். எங்கள் அலுவலகத்திலும் அபூர்வமாக வெள்ளைத்தாளில் புது உத்தரவு எழுதியதுண்டு!

ராமச்சந்திரன் 2001 ஏப்ரலில் இதே சென்னையில் காலமானார். சர்தார் படேல் சாலையில் கிண்டிப் பக்கம் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். கூடவே அந்த மேலதிகாரியையும். அவர் மேல் இப்போது கோபம் இல்லை. எதிரே வந்தால், "சார், பார்த்து எழுதியதில்தான் உங்கள் முழங்கால் மூட்டே உண்டாயிற்று" என்று சொல்லிவிட்டு, ஒரு காபி வாங்கித் தருவேன்.