சின்னப் பொட்டியில இருந்த தெளிவு எங்கே போச்சு?

எங்க வேதாரண்யம் பக்கத்துக்கு டிவி முதல்ல சென்னையிலேர்ந்து வரலை, கடல் தாண்டித்தான் வந்துச்சு. சென்னையில 1975-லயே தூர்தர்ஷன் ஆரம்பிச்சும் அந்த அலை எங்க ஊரை எட்டலை. 1982-ல இலங்கையில ரூபவாகினி தொடங்கினப்புறம், உயரமா ஆன்டெனா கட்டுன வீட்டுல படம் தெரிஞ்சுது. கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான் தூர்தர்ஷன் எங்களுக்கு உள்ளூர்க்காரன் மாதிரி ஆச்சு. காத்தடிச்சா ஒருத்தர் கூரை மேல ஏறி கம்பத்தைத் திருப்புவார், கீழேர்ந்து பத்து பேர் வழி சொல்லுவோம். படத்துல புள்ளி விழும், நிழல் விழும். ஆனாலும் மூஞ்சி மூஞ்சியாத்தான் தெரியும்.

அப்புறம் கேபிள். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசாங்கம் குடுத்த 14 அங்குல கலர் டிவி வீட்டுக்கு வீடு வந்துச்சு. அதுல தெரிஞ்ச படத்தை யாரும் மங்கல்னு சொல்லலை.

இப்ப 43 அங்குலம் மாட்டியிருக்கு, படம் மங்கல்ங்கிறாங்க. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு சென்னையில இருக்குற மகன் பொங்கலுக்கு வாங்கிக் குடுத்தது. ஒரு கண்ணுல புரை எடுத்தவங்க. "ஆபரேசன் சரியா இல்ல போலருக்கு தம்பி, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகணும்"னு புலம்பிட்டு இருந்தாங்க. புள்ளைகிட்ட சொன்னா வருத்தப்படுவான்னு சொல்லவும் இல்ல. நான் போயி உக்காந்து பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது.

விசயம் இதுதான். நம்ம நாட்டுப் பழைய டிவி முறையில ஒரு படத்துக்கு 625 கோடு, அதுல கண்ணுக்குத் தெரியுறது 576. சாதா சேனல் இன்னிக்கும் அந்தக் கணக்குலதான் வருது: 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளி. எச்.டி. டிவியில 1920-க்கு 1080, மொத்தம் 20,73,600. சரியா அஞ்சு மடங்கு. ஒரு மா நிலத்து விதையை அஞ்சு மாவுக்குத் தெளிச்ச கதைதான். மிச்ச நாலு பங்கை டிவியே ஊகிச்சு நிரப்புது. இதுக்கு மேல, செட்டாப் பாக்ஸ் வந்தப்புறம் பத்துக்கு மேல சேனலை ஒரே அலைவரிசையில அமுக்கி அனுப்புறாங்க. பந்து ஓடுனா கட்டம் கட்டமா உடையுறது அதனாலதான். பழைய குழாய் டிவி இந்தக் குறையெல்லாம் மழுப்பிக் காட்டும். தட்டை டிவி பூதக்கண்ணாடி.

பெரியம்மா வீட்டுல மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்தான் மாட்டியிருந்துச்சு. அந்த மஞ்சள் ஒத்தை வயர்ல வெளிச்சமும் நிறமும் கலந்து போகும், ஓரம் கலங்கும். பாக்ஸ் பின்னாடி எச்.டி.எம்.ஐ. ஓட்டை சும்மா கிடந்துச்சு. அந்த வயரை வாங்கி மாட்டினேன். டிவி மெனுவுல 'ஷார்ப்னஸ்' உச்சத்துல இருந்ததைப் பாதிக்குக் கீழ இறக்கினேன். அதைக் கூட்டினா தெளிவு வரும்னு நினைக்கிறாங்க, கூடுறது அழுக்குதான். 'விவிட்'டை 'ஸ்டாண்டர்ட்' ஆக்கி, 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' போட்டுவிட்டேன். பழைய படம் ஓடுற சேனல்ல ஆளெல்லாம் குண்டாத் தெரிஞ்சா 4:3-க்கு மாத்தணும், ரெண்டு பக்கமும் கறுப்பு விழுந்தா விழட்டும்.

நாற்காலியையும் பின்னால தள்ளினோம். எச்.டி.க்கு அஞ்சு, ஆறடி போதும். சாதா சேனலுக்கு இந்த அளவு டிவியில பத்தடியாவது வேணும். நம்ம கூடம் நீளம்தானே!

நீங்களும் ஊருக்கு டிவி வாங்கி அனுப்பியிருந்தா, அடுத்த தடவை வர்றப்ப பின்னால எந்த வயர் இருக்குன்னு பாருங்க. பாக்ஸ்ல மூணு கலர் ஓட்டை மட்டும் இருந்தா கேபிள்காரர்கிட்ட எச்.டி. பாக்ஸ் கேளுங்க. சேனல் எல்லாத்தையும் எச்.டி.யில எடுக்க வேண்டியதில்ல, அவங்க தினம் பார்க்குற ரெண்டு சேனலை மட்டும் எடுத்தாலே போதும்.