டாப்சோனியன் தொலைநோக்கிக்கான கண்ணருகு வில்லைகள்

கண்ணருகு வில்லை அல்லது கண்வில்லை என்பது, தொலைநோக்கியின் முதன்மை ஆடி தோற்றுவிக்கும் பிம்பத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்குக் காட்டும் வில்லைத் தொகுதி ஆகும். ஜான் டாப்சன் (1915–2014) பரவலாக்கிய எளிய தாங்கியுடைய பெரிய எதிரொளிப்புத் தொலைநோக்கிகளில், திரட்டப்படும் ஒளி முழுவதும் கண்ணை அடைவது கண்வில்லையின் தெரிவைப் பொறுத்துள்ளது.

அடிப்படைக் கணக்கீடுகள்

தொலைநோக்கியின் குவியத் தூரத்தைக் கண்வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். ஆடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும்.

406 மி.மீ. (16 அங்குலம்) விட்டமும் குவிய விகிதம் 4.5-உம் உடைய தொலைநோக்கியின் குவியத் தூரம் ஏறத்தாழ 1829 மி.மீ. ஆகும். இதற்கான மதிப்புகள்:

* 31 மி.மீ. கண்வில்லை: 59 மடங்கு, ஒளிக்கற்றை 6.9 மி.மீ.
* 13 மி.மீ. கண்வில்லை: 141 மடங்கு, ஒளிக்கற்றை 2.9 மி.மீ.
* 7 மி.மீ. கண்வில்லை: 261 மடங்கு, ஒளிக்கற்றை 1.6 மி.மீ.

உருப்பெருக்கத்தின் எல்லைகள்

இருளில் இளையோரின் கண்மணி ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும், வயது கூடும்போது இது குறையும். இதே தொலைநோக்கியில் 40 மி.மீ. கண்வில்லையைப் பொருத்தினால் ஒளிக்கற்றை 8.9 மி.மீ. ஆகிவிடும். அப்போது 7 மி.மீ. கண்மணி உடையவருக்கு அது 320 மி.மீ. தொலைநோக்கியாகவே செயற்படும்; எஞ்சிய ஒளி வீணாகும். மேல் எல்லையைப் பெரும்பாலான இரவுகளில் வளிமண்டலக் கொந்தளிப்பே தீர்மானிக்கிறது.

பார்வைப் புலம்

கண்வில்லையின் தோற்றப் புலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வானில் தெரியும் பரப்பு தோராயமாகக் கிடைக்கும். பிளோசல் வகையின் தோற்றப் புலம் 50 பாகை அளவினது. நாக்லர் வகையினது 82 பாகை. இயக்கி இல்லாத தாங்கியில் இவ்வேறுபாடு முக்கியமானது. 261 மடங்கில், வான நடுவரைக்கு அருகிலுள்ள கோள் ஒன்று பிளோசலின் புலத்தை ஏறத்தாழ 46 நொடிகளில் கடந்துவிடும். நாக்லரில் 75 நொடிகள் வரை தெரியும்.

2 அங்குலக் குழல் கண்வில்லைகளால் இத்தொலைநோக்கியில் ஏறத்தாழ 1.4 பாகைக்கு மேல் காண இயலாது. ஆகவே 3 பாகை நீளமுள்ள ஆந்திரொமேடா பேரடை முழுமையாக அடங்காது.

பிறழ்ச்சிகள்

குவிய விகிதம் 5-ஐ விடக் குறையும்போது ஒளிக்கூம்பு அகன்றதாகிறது. எளிய கண்வில்லைகளில் புலத்தின் விளிம்பிலுள்ள விண்மீன்கள் சிதைந்து தெரியும். வால் போன்று நீளும் கோமாப் பிறழ்ச்சி பரவளைவு ஆடியால் ஏற்படுவது. விலையுயர்ந்த கண்வில்லையால் மட்டும் நீங்காது. அதற்குத் தனியே கோமாத் திருத்தி தேவை.

தெரிவு

பல கண்வில்லைகளைக் காட்டிலும் நன்கு தெரிந்தெடுத்த மூன்று போதுமானவை. பரந்த நெபுலாக்களுக்குக் குறைந்த உருப்பெருக்கமும், எம்13 போன்ற கோளக் கொத்தணிகளுக்கும் பேரடைகளுக்கும் இடைநிலை உருப்பெருக்கமும், கோள்களுக்கும் இரட்டை விண்மீன்களுக்கும் உயர் உருப்பெருக்கமும் ஏற்றவை. உருப்பிறழ்வுக்காக மூக்குக் கண்ணாடி அணிவோர், வில்லையிலிருந்து ஏறத்தாழ 20 மி.மீ. தொலைவில் கண்ணை வைத்துக் காணக்கூடியவற்றைத் தெரிவு செய்தல் நன்று.

இவற்றையும் பார்க்கவும்

* எதிரொளிப்புத் தொலைநோக்கி
* குவியத் தூரம்
* ஜான் டாப்சன்