வலம்புரி யாருக்குச் சொந்தம்? இராமநாதபுரக் கடலின் சங்கு வரலாறு

அமெரிக்காவில் தூண்டில் போடுவது ஒரு பெரிய வணிகம். அங்குள்ள ஏரிகளில் 'லார்ஜ்மவுத் பாஸ்' என்ற பெரிய வாய் கொண்ட நன்னீர் மீன் உண்டு. ஒரு நாள் வாடகைக்கு ஒரு படகு, ஏரியின் ஒவ்வொரு மூலையும் தெரிந்த ஒரு வழிகாட்டி, விடியலிலிருந்து மாலை வரை பயணம். நோக்கம் ஒன்றே: வாழ்நாளில் ஒரு முறையாவது ஒரு பெரிய மீன்! இந்த இனத்தில் உலக சாதனை 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் நிகழ்ந்தது. ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாயி பிடித்த அந்த மீனின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. 77 ஆண்டுகள் கழித்து, 2009ல்தான் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அந்த எடையைச் சமன் செய்தார். பெர்ரி தன் மீனை என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார். பிடித்தவர் அவர், மீனும் அவருடையது. யாரும் கேள்வி கேட்கவில்லை.

நம் இராமநாதபுரம், இராமேசுவரம் கடலிலும் இதே போன்ற ஒரு நாள் பயணம் பல நூற்றாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. அங்கும் இடம் காட்டும் வழிகாட்டி உண்டு. அங்கும் வாழ்நாளில் ஒரு முறை கிடைத்தாலே அதிசயம் என்று சொல்லத்தக்க ஒரு பரிசு உண்டு. அதுதான் வலம்புரிச் சங்கு. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு: கடலுக்கடியில் மூச்சடக்கி அதை எடுத்தவனுக்கு அது சொந்தமில்லை!

வலம்புரி என்றால் என்ன?

சங்கு என்பது கடலடி மணலில் பாதி புதைந்து, புழுக்களைத் தின்று வாழும் ஒரு நத்தையின் ஓடு. சுருள் முனை மேலே இருக்கும்படி பிடித்துப் பார்த்தால், சாதாரணச் சங்கின் வாய் வலப்பக்கம் இருக்கும். அதை நாம் இடம்புரி என்கிறோம். மிக அரிதாக ஒன்றின் வாய் மட்டும் இடப்பக்கம் இருக்கும். அதுவே வலம்புரி. பெயரும் பக்கமும் மாறியிருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். பூசையில் சங்கைத் தலைகீழாக, அதன் நீண்ட முனை மேலே இருக்கும்படி பிடிப்பது வழக்கம். அப்போது வாய் வலப்பக்கம் வந்துவிடும். விலங்கியலாரோ இதை 'இடப்பக்கம் சுருண்டது' என்றே எழுதுகிறார்கள்.

இரண்டும் ஒரே இனம்தான். ஒரே மணலில் வாழ்பவைதான். சுருள் திரும்பிய திசை ஒன்றினால் மட்டுமே ஒன்று ஆயிரத்தோடு ஆயிரமாக எண்ணப்படும் சரக்கு, மற்றொன்று பெட்டியில் வைத்துப் பூட்டப்படும் செல்வம். அரிதாக இருப்பதும் மக்களின் நம்பிக்கையும் சேர்ந்தால் விலை எப்படி ஏறும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

இரண்டாயிரம் ஆண்டு வணிகம்

மதுரைக்காஞ்சி கொற்கைத் துறையைப் பாடும்போது முத்தோடு சங்கு குளிப்போரின் சேரியையும் குறிப்பிடுகிறது. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 1986 முதல் பல கட்டங்களாக அகழாய்வு செய்தது. ரோமானியக் காசுகளோடு சங்கு வளையல் துண்டுகளும் அங்கே கிடைத்தன.

பிற்காலத்தில் இந்தச் சங்கின் மிகப் பெரிய சந்தை வங்காளம். அங்கே மணமான இந்துப் பெண்கள் சங்கு வளையல் அணிவது மரபு. டாக்கா நகரின் சாங்காரி பஜார் என்ற தெருவின் பெயரே சங்கு அறுக்கும் கைவினைஞர்களிடமிருந்து வந்ததுதான். கீழக்கரைக் கடலில் ஒருவர் மூழ்கி எடுத்த சங்கு, எங்கோ டாக்காவில் ஒரு மணப்பெண்ணின் கையில் வளையலாக ஏறியது.

ஒரு நாள் கடலில்

வள்ளங்கள் விடியுமுன் கரைக்காற்றைப் பிடித்துக் கிளம்பும். பிற்பகலில் கடற்காற்று வீசும்போது திரும்பும். கீழக்கரைப் பகுதியின் முஸ்லிம் குளியாளிகளும் பரதவர்களும் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள். தண்ணீருக்கு மேலே பார்த்தால் எல்லாம் ஒரே நீலம்தான். சங்கு கிடக்கும் மணல் எங்கே, பாறை எங்கே என்று சொல்ல அனுபவசாலி ஒருவர் வேண்டும். கரையில் தெரியும் கோபுரம், மினார், உயர்ந்த பனை இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து அவர் படகை நிறுத்துவார்.

பிறகு குளியாளி மூழ்குவார். சில பாகம் முதல் பத்துப் பாகம் வரை ஆழம். எல்லாம் ஒரு மூச்சில் முடிய வேண்டும். சங்கு நகர்ந்த தடம் மணலில் கோடாகத் தெரியும். அதைத் தொடர்ந்து போய் எடுத்து, பையில் போட்டு, மேலே வர வேண்டும். காது வலி, சொறி மீன், சுறா பயம் எல்லாம் அவருக்கு. கூலியோ எடுத்த சங்கின் எண்ணிக்கைக்குத் தக்கபடி.

கடல் யாருடையது?

சங்குப் படுகைகளின் உரிமை கரையை ஆண்டவர்களிடம் இருந்தது. இராமநாதபுரக் கரையில் அது சேதுபதிகளுடையது. அவர்கள் அதைக் குத்தகைக்கு விட்டார்கள். தூத்துக்குடிப் பக்கம் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறியது. அனுமதியின்றிச் சங்கு எடுப்பது திருட்டு ஆகுமா என்ற வழக்கு 1900களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. பாக் விரிகுடாக் கடல் நெடுங்காலமாக ஆட்சியாளரின் அனுபவத்தில் இருந்த பகுதி, அது நாட்டின் எல்லைக்கு உட்பட்டதே என்று அந்தத் தீர்ப்பு கூறியது. ஒரு நத்தைக்காக எழுந்த வழக்கு, பிற்காலத்தில் கடல் எல்லை பற்றிய சட்ட விவாதங்களில் மேற்கோளாகி நிற்கிறது!

இந்த ஏற்பாட்டில் குளியாளிக்குக் கிடைக்கும் வலம்புரியும் குத்தகைதாரருக்கோ அரசுக்கோ சேர வேண்டியதே. ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும் சேராத பணம் கையில் இருக்கும், ஆனால் கரையேறியதும் கொடுத்துவிட வேண்டும். மறைக்கும் ஆசை எழாவிட்டால்தான் ஆச்சரியம்.

சிறியதை விட்டுவிடு

இந்த ஏகபோகத்தில் ஒரு நன்மையும் இருந்தது. சங்கின் முட்டைக் கூடு ஆட்டுக்கடா கொம்பு போல முறுக்கியிருக்கும். அதை நம்மவர்கள் 'சங்குப்பூ' என்கிறார்கள். பல கடல் உயிர்களின் குஞ்சுகள் நீரில் மிதந்து தொலைதூரம் பரவும். சங்குக் குஞ்சோ கூட்டிலிருந்து நேராக மணலில் ஊர்ந்துவிடும். எனவே ஒரு படுகையை முழுதும் வழித்துவிட்டால், வேறு இடத்திலிருந்து சங்கு வந்து அதை விரைவில் நிரப்பாது.

மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914ல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். துறையின் விதிப்படி 57 மில்லிமீட்டர், அதாவது சுமார் இரண்டேகால் அங்குல விட்டத்துக்குக் குறைந்த சங்குகள் உயிரோடு கடலில் விடப்பட வேண்டியிருந்தது. இன்று அமெரிக்க ஏரிகளில் பெரிய மீனைப் பிடித்து, எடை பார்த்து, மீண்டும் விடுவதை நாகரிகம் என்கிறார்கள். நம் கடலில் சிறியதை விடும் வழக்கம் சட்டமாகவே இருந்தது.

1948ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு சேதுபதிகளின் காலம் முடிந்தது. 1986ல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. ஆனால் அடியை அரித்துச் செல்லும் இழுவலைக்குச் சிறிய சங்கு, பெரிய சங்கு என்ற பேதம் தெரியாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கக் கரையில் 'லைட்னிங் வெல்க்' என்று ஒரு நத்தை. அதன் ஓடு இயல்பாகவே வலம்புரியின் பக்கம் சுருளும். அங்கே அது சாதாரணம். இங்கே அதையே வலம்புரி என்று விற்றுவிடுகிறார்கள். உண்மைச் சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு தடித்த மடிப்புகள் இருக்கும். வெல்க்கில் அவை இருக்காது. வாங்குபவர்கள் கவனிக்க!

வலம்புரி வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும் என்பார்கள். நூற்றாண்டுகளாக அதைத் தேடி மூழ்கிய குளியாளிகளின் வீட்டில் அது தங்கியதே இல்லை. மன்னர், குத்தகைதாரர், அரசு எல்லோருக்கும் அதில் உரிமை இருந்தது, எடுத்தவரைத் தவிர. இனி இந்தக் கடலுக்குச் சட்டம் எழுதுபவர்கள் இரண்டை மறக்கக் கூடாது: சிறிய சங்குக்கு வளர நாள் கொடுக்க வேண்டும், மூழ்கி எடுப்பவருக்குப் பெரிய சங்கில் பங்கு கொடுக்க வேண்டும். பங்கு இருப்பவன்தான் காவலும் இருப்பான்.